மூன்றாவது வெளிச்சம் நொண்டியது

அந்த வெளிச்சத்தை முதலில் பார்த்தவன் நான். நூறுக்குப் போன் போட்டு முதலில் புகார் கொடுத்தவனும் நான். இந்த இரண்டையும் இன்றைக்கும் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டால்தான் சொல்வது வழக்கம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஓர் ஐப்பசி அது. ஒரகடத்தில் கார்களுக்கு ஹெட்லைட் செய்யும் ஒரு கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். வயது நாற்பத்தைந்து. ஜெனரல் ஷிப்ட். கம்பெனிக்கு எதிரே ஓர் ஏரி, ஏரிக்கு இந்தப் பக்கம் என் வீடு. ஏரியைச் சுற்றிக்கொண்டு பைக்கில் வர பத்து நிமிடம் ஆகும்.

அன்றைக்கு மாலை மழை வரும்போல் இருந்தது. மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்து வரச்சொல்லி வீட்டில் உத்தரவு. ஆறே முக்கால் இருக்கும். நான்கு நாளாக மேகம் இறங்கி இறங்கி, கை நீட்டினால் தொடலாம் போலத் தலைக்கு மேலே கிடந்தது. ஒரு போர்வையை உருவிக்கொண்டே ஏரிப் பக்கம் பார்த்தேன். மேகத்தின் அடிவயிற்றில் மூன்று வெள்ளை வட்டங்கள். ஒவ்வொன்றும் கல்யாணப் பந்தி அப்பளம் அளவு. ஒன்றன் பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்து, வளைந்து, திரும்பி, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்தன. முதல் இரண்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பின்தங்கியது, நின்றது, ஒரு துள்ளு துள்ளியது, மறுபடி நகர்ந்தது.

போர்வை கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு வாழைமரத்தில் விழுந்ததாகப் பிறகு தெரிந்தது. நான் படிகளில் இறங்கினேனா, விழுந்தேனா என்பதில் எனக்கும் என் முழங்காலுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தது.

இருட்டில் என் மனைவியின் குரல் வந்தது. "இன்னாயா, கரண்டு போச்சா?"

"போகல. நான்தான் நிறுத்துனேன். சத்தம் போடாத. மேல வந்துட்டாங்க."

"யாரு, உங்க அக்காவா?"

"ஏலியன்டி."

"வந்தா வரட்டும். அதுக்கு இன்னாத்துக்கு மெயினை நிறுத்துற? சீரியல்ல கிளைமாக்ஸ் ஓடிக்கினு கீது."

நான் ஹெல்மெட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு நாளும் ஹெல்மெட் போடாதவன், சொந்த வீட்டு ஹாலில் போட்டுக்கொண்டு, பட்டையை இழுத்துத் தாடைக்குக் கீழே மாட்டினேன். பீரோவைத் திறந்து ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் சட்டைப் பையில் வைத்தேன். வேறு கிரகத்துக்காரன் வந்து யார் என்று கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா? பிறகு நூறுக்குப் போன் போட்டேன்.

"சார், வானத்துல மூணு லைட்டு சுத்திக்கினு கீது சார்."

"எந்த ஸ்டேஷன் லிமிட்டு?"

"வானத்துல சார்."

"வானத்துலதான்யா. எந்த லிமிட்டு வானம்? ஒரகடமா, படப்பையா?"

நான் ஹெல்மெட்டோடு மறுபடி மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "ஒரகடத்துப் பக்கமா சாஞ்சாப்பல கீது சார்."

கால் மணி நேரத்தில் ஓர் ஏட்டு ஜீப்பில் வந்தார். வாசலில் என் தோற்றத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்கய்யா?" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றி அவரை மாடிக்குக் கூட்டிப் போனேன். ஏரிக்கு மேலே ஒன்றும் இல்லை. சுத்தமாக இல்லை. மணி ஏழு பன்னிரண்டு.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி இருந்துச்சு சார்."

"ஊதுய்யா."

ஊதினேன். டீ வாசனைதான் வந்திருக்கும். அவருக்கு அதில் ஏமாற்றம். இருந்தாலும் மரியாதைக்குக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். மகளுக்கு சுங்குவார்சத்திரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு இருபத்தைந்துக்கு மேகத்தில் ஒரு வட்டம் பளிச்சென்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. ஏட்டு பேச்சை நிறுத்தினார். அவருடைய கை தானாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு ஆம்பளைகள், ஒருவர் காக்கியில், கை கோத்துக்கொண்டு இருட்டில் நின்றோம்.

"இத்த வயர்லெஸ்ல எப்பிடிய்யா சொல்றது?" என்றார் கடைசியில்.

மறுநாளிலிருந்து நான் தெருவில் நடந்த நடையே வேறு. காலையில் பால் வாங்கப் போனால் ஆறு பேர் நிறுத்தினார்கள். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் என் கதையை என்னிடமே சொன்னாள். "மூணு தட்டாம்பா. ஒண்ணு கீழ எறங்கி எவனோ ஒருத்தன் மாடில போர்வையத் தூக்கினு போயிடுச்சாம். அதுல ஒண்ணுக்குக் கால் ஒடஞ்சிருக்காம்." நான் மறுக்கவில்லை. போர்வைக்கு அப்படி ஒரு முடிவு கிடைத்ததில் எனக்குப் பெருமைதான்.

சாயங்காலம் ஆனால் ஏரிக்கரையில் கூட்டம். சுண்டல் வண்டி ஒன்று நிரந்தரமாக வந்துவிட்டது. கம்பெனி ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பெண்கள் ஷிப்டுக்குப் போக பயப்படுகிறார்கள் என்று பேச்சு வந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கும் நாள். ஊர்க்காரர்கள் வேன் பிடித்துப் போய் ஒரு மனு கொடுத்தோம். 'அடையாளம் தெரியாத மூன்று வெளிச்சங்கள் குறித்து விசாரணை நடத்தக் கோரி.' எழுதியது நான். 'மூன்றாவது வெளிச்சம் நொண்டி நொண்டி நகர்கிறது' என்ற வரியை அடிக்கோடிட்டதும் நான். முதல் கையெழுத்து என்னுடையது.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஹெட்லைட்டுகளை எரியவிட்டபடியே குலுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மெஷின் உண்டு. புரட்டாசியில் அது படுத்துவிட்டது. உதிரி பாகம் கப்பலில் வருகிறது என்றார்கள். லைட்டு வாங்கும் கார் கம்பெனியோ குலுக்கி அனுப்பு, குலுக்கி அனுப்பு என்று உயிரை எடுத்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்கள் பின் யார்டில் தரை முழுக்க பேவர் பிளாக் கல். இரும்புச் சக்கரம் வைத்த மூன்று பழைய ட்ராலிகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஹெட்லைட்டை ட்ரேயில் மல்லாக்கப் படுக்க வைத்து, அடித்தட்டில் லாரி பேட்டரியைக் கட்டி, எரியவிட்டு, அந்தக் கல்லின் மேல் வட்டமாகத் தள்ளிக்கொண்டே போனால்? டர்ர்ர்ர் என்று பல்லே கழன்றுவிடும் குலுக்கல். எந்த மெஷினுக்கும் சளைத்ததில்லை. பகலில் யார்டு முழுக்க லாரி நிற்கும். அதனால் செகண்ட் ஷிப்டில், ஆறரைக்கு மேல். ஞாயிறு கிடையாது. மழை வந்தால் ட்ராலியை உள்ளே இழுத்துவிட வேண்டும். டீக்குப் போகும்போது பேட்டரி வீணாகாமல் க்ளிப்பைக் கழற்றிவிட வேண்டும். எல்லாம் நானே எழுதிக் கொடுத்த விதிகள்.

நீங்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தோன்றவே இல்லை. ட்ராலி ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் வானம் வெறுமையாக இருந்தது. மேகம் இறங்கியது பிறகுதான். நான் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவதால் அவை எரிந்துகொண்டு ஓடுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. யார்டில் தள்ளுகிறவர்களுக்கோ சுற்றிலும் பெரிய விளக்குகள். அந்த வெளிச்சத்தில் தலைக்கு மேலே மேகம் இருக்கிறதா என்றே தெரியாது. அதோடு, எனக்கு ஹெட்லைட் என்றால் ரோட்டைப் பார்ப்பது. அது மல்லாந்து படுத்தால் எதைப் பார்க்கும் என்று, படுக்க வைத்த நானே யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ட்ராலி வித்தைக்கு நான் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. மேனேஜர் கேட்டபோது, "ஏற்பாடு பண்ணிட்டேன் சார்" என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை. டெஸ்டிங்கில் சொந்தமாக வழி கண்டுபிடிப்பவனுக்கு எங்கள் கம்பெனியில் ஒரே பரிசுதான். ஆடி மாதம் பெயின்ட் பிரிவில் ஒருவர் பெயின்ட் காய அடுப்பில் வைக்கும் நேரத்தை ஐந்து நிமிடம் குறைத்தார். மறுநாள் கேட்டில் அவருடைய அட்டை வேலை செய்யவில்லை. நான் ஏற்கெனவே மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்தவன். நாற்பத்தைந்து வயதில் மறுபடி பயோடேட்டா எடுத்துக்கொண்டு, என் மகன் வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்பதை நினைத்தால், மேகத்தில் பார்த்த எதுவும் எனக்குப் பயமே இல்லை.

விசாரணைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு வருவாய் ஆய்வாளர் வந்தார். நாற்பது வயது இருக்கும் அம்மா, ஆர்.ஐ. மேடம் என்போம். கையில் நீளமான நோட்டு, ரப்பர் பேண்டு போட்டது. கூடவே பேசாத ஒரு சர்வேயர், தோளில் முக்காலியும், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியும். நான் கம்பெனியில் காலை இரண்டு மணி நேரம் மட்டும் பர்மிஷன் போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தேன்.

"ஏர்போர்ட்டுல கேட்டாச்சு சார், அவங்களுது இல்லையாம்," என்றார் மேடம். "குன்றத்தூர் மலையில போகஸ் லைட்டு போட்டாங்களான்னு கேட்டாச்சு. கல்யாண மண்டபம் அஞ்சு பாத்தாச்சு."

"அதெல்லாம் இல்ல மேடம். இது வேற. நான் பாத்தேனே."

"இருக்கலாம். ஆனா வானம் என் அதிகாரத்துல வராது. தரைதான் வரும். மேல என்ன இருந்தாலும் அதுக்கு நேர் கீழ ஒரு சர்வே நம்பர் இருக்கும். அது யார் பேர்ல இருக்குன்னு பாத்தா விஷயம் முடிஞ்சுது."

எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. அண்டவெளியிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்குகிறது, இவர் பட்டா தேடுகிறார்!

ஒரு வாரமாக வி.ஏ.ஓ.வை விட்டு நேரம் குறித்து வைத்திருந்தார். நோட்டைப் பிரித்து வாசித்தார். "ஆறரைக்கு வருது. ஏழு பத்துக்கு நிக்குது. ஏழு இருபத்தஞ்சுக்கு மறுபடி. மழை பெஞ்சா வரல. ஞாயித்துக்கிழமை வரல." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "டீக்குப் பதினஞ்சு நிமிஷம், வாரத்துல ஒரு நாள் லீவு. நம்ம ஊர் தொழிலாளர் சட்டம் அங்கயும் இருக்குமா சார்?"

"அவங்க நாகரிகத்துல நம்மள விட முன்னேறினவங்க மேடம்," என்றேன் பெருமையாக.

சர்வேயர் முதல் நாள் மாலையே ஊர் வாட்டர் டேங்க் மேல் ஏறி, வெளிச்சத்தைக் கருவியில் பிடித்து, கிராம வரைபடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். இன்று ஏரிக்கரையிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் நிலம். சம்பவத்தை அடையாளம் காட்ட மனுதாரர் கூட இருக்க வேண்டுமாம். எனக்கு அதைவிட வேறென்ன வேலை?

அன்று மத்தியானம் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது செகண்ட் ஷிப்ட் லீடர் என்னைப் பிடித்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், முப்பது வயது, பொறுமைசாலி. "அண்ணே, மூணாவது வண்டிக்குச் சக்கரம் மாத்திக் குடுங்கண்ணே. ஒரு சுத்துக்கு ரெண்டு மட்டம் சிக்குது. ஒதைச்சாத்தான் நகரும். எம்புட்டு நாளாச் சொல்லுதேன்."

"நாளைக்குப் பாக்கலாம்டா," என்றேன். எனக்கு மண்டை முழுக்க ஏரிக்கரை.

ஆறரைக்குக் கரையில் நின்றோம். மேடம், சர்வேயர், நான். கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தார் ஏட்டு. மேகம் அன்றைக்கு இன்னும் தாழ்ந்திருந்தது. சொல்லி வைத்தாற்போல் வட்டங்கள் வந்தன. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. கிரிக்கெட் கமென்டரி மாதிரி ஆரம்பித்தேன்.

"வருது பாருங்க மேடம், மொத ஆளு. அதான் லீடரு. பின்னால ரெண்டாவது. இப்ப மூணாவது வரும், அதுக்குத்தான் கால் சரியில்ல. பாருங்க, பாருங்க, ஒரு சுத்துக்கு ரெண்டு வாட்டி நிக்கும்..."

நின்றது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு விருக்கென்று ஒரு துள்ளு.

அந்த உதையை நான் வானத்தில் பார்த்தேன்.

ஒரு சுற்றுக்கு இரண்டு மட்டம் சிக்குது. உதைத்தால்தான் நகரும். என் வாய் அப்படியே திறந்து நின்றது, நல்லவேளையாக இருட்டு. மூன்று ட்ராலி. மூன்று வட்டம். பன்னிரண்டு பன்னிரண்டாக முப்பத்தாறு ஹெட்லைட், மல்லாக்க. நான் எழுதிக்கொடுத்த டீ நேரம். நான் விட்ட ஞாயிற்றுக்கிழமை. கலெக்டருக்கு எழுதிய மனுவில் என் சக்கரத்தை நானே அடிக்கோடிட்டிருக்கிறேன்.

சர்வேயர் ஒரு கண்ணை மூடிக் கருவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அது ஏரியைத் தாண்டி மெதுவாக, மிக மெதுவாக, என் கம்பெனிப் பக்கம் திரும்பியது. நாளைக் காலை இந்த அம்மா வரைபடத்தோடு எங்கள் கேட்டில் நிற்பார். மேனேஜர் 'ட்ராலியா, என்ன ட்ராலி?' என்று கேட்பார். நாளை மறுநாள் என் அட்டை வேலை செய்யாது.

நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொன்னால் வெட்கம். முதலில் கருவிக்கு முன்னால் போய் நின்று, "மறைக்குதா சார்?" என்றேன். "மறைக்குது," என்றார் சர்வேயர். பிறகு திரும்பும் சாக்கில் முக்காலியின் ஒரு காலை இடித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் முதலிலிருந்து மட்டம் பார்க்க ஆரம்பித்தார். "மேடம், எனக்கென்னமோ மனுவை வாபஸ் வாங்கிக்கலாம்னு தோணுது," என்றேன்.

"ஏன் சார்?"

"பாவம், தூரத்துல இருந்து வந்தவங்க. எதுக்குத் தொந்தரவு?"

மேடம் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். நான் பத்தடி தள்ளிப் போய், சுண்டல் வண்டிக்குப் பின்னால் குனிந்து, ஷிப்ட் லீடருக்குப் போன் போட்டேன்.

"டேய், வண்டியை நிறுத்து!"

"டீக்கு இன்னும் நேரம் கெடக்கேண்ணே."

"நிறுத்துடான்னா! க்ளிப்பைக் கழட்டு!"

"எந்த வண்டிக்குண்ணே?"

"மொத வண்டி!"

மேகத்தில் முதல் வட்டம் அணைந்தது. கூட்டம் உச் கொட்டியது.

"ரெண்டாவது!"

இரண்டாவது அணைந்தது.

"மூணாவதையும் கழட்டித் தொலைடா!"

மூன்றாவதும் போனது. பெருமூச்சு விட்டபடி நிமிர்ந்தேன். சுண்டல் வண்டிக்கு அந்தப் பக்கம் மேடம் நின்றிருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"ஆறு அம்பத்தெட்டு," என்றார். "பன்னண்டு நிமிஷம் முன்னாடியே டீக்குப் போயிட்டாங்க."

நான் போனைச் சட்டைப் பைக்குள் நுழைத்தேன்.

"நீங்க மொதல்லன்னீங்க, மொதல்ல போச்சு. ரெண்டாவதுன்னீங்க, ரெண்டாவது போச்சு. அவங்க உங்க பேச்சைக் கேக்குறாங்களே சார்?"

"தற்செயல் மேடம்."

"அப்படியா? சர்வேயர் இன்னும் கோடு போட்டு முடிக்கல. தற்செயலா ஒரு வாட்டி போடச் சொல்லுங்களேன்."

வேறு வழி? என் வேலைக்கு வேட்டு வைக்கப் போகிற கோட்டைப் போடுவதற்கு, நானே போன் பண்ணி வெளிச்சம் வாங்கிக் கொடுத்தேன். வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்ததும் கூட்டம் கை தட்டியது. சர்வேயர் கண்ணை எடுக்காமல் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "ஒரே எடத்துல நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்க சார், ஆடுது."

சொன்னேன். பிடித்தார்கள். கோடு முடிந்தது.

கரை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேடத்திடம் கொட்டினேன். மெஷின், கப்பல், பேவர் பிளாக், பெயின்ட் பிரிவு ஆள், எல்லாம். நடுவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்து இன்னும் உருக்கமாகச் சொன்னேன். அழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான் உள்ளதைத்தான் எழுதணும் சார். நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க கேட்டுக்கு வருவேன். உங்க மேனேஜர் இதை என் வாயால கேக்கணுமா, உங்க வாயால கேக்கணுமாங்கறது உங்க இஷ்டம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். டிவியை நிறுத்தினாள். "வேல போயிடுமா?" என்றாள்.

"போலாம்."

"போனா போட்டும், சொல்லிடு. நீ பொய் சொன்னா மூஞ்சிலயே தெரியும்." பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது சிரித்தாள், பாத்திரம் தேய்க்கும்போது சிரித்தாள். "உன் லைட்டப் பாத்து நீயே மெயின ஆஃப் பண்ணியாயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

காலை எட்டரைக்கு மேனேஜர் அறையில் நின்றேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், கோபம் வந்தால் குரல் குறையும், மரியாதை கூடும். நான் சொல்லச் சொல்ல அவருடைய குரல் கிட்டத்தட்ட காணாமலே போனது.

"ட்ராலியில வெச்சு உருட்டினீங்க. சரிங்க. லைட்டு ஏதாவது பெயில் ஆச்சுங்களா?"

"ரெண்டுல ஸ்க்ரூ கழண்டுச்சு சார். ரிப்போர்ட்ல 'மாற்று முறை'ன்னு சின்னதா எழுதியிருக்கேன் சார்."

"சின்னதா. சரிங்க. அது மேகத்துல தெரிஞ்சுது. அதைப் பாத்து நீங்களே பயந்து, நீங்களே போலீசைக் கூப்பிட்டு, நீங்களே கலெக்டருக்கு மனுவும் குடுத்தீங்க."

"ஆமா சார்."

"இன்னிக்குச் சாயங்காலம் ஏரிக்கரையில நின்னு நான் பாக்கணுங்க. பாத்துட்டு உங்களை என்ன பண்றதுன்னு சொல்றேன்."

பதினொரு மணிக்கு மேடம் வந்து யார்டைப் பார்த்தார், வரைபடத்தில் பெருக்கல் குறி போட்டார், ட்ராலியைக் கையால் தட்டிப் பார்த்தார். மாலை எல்லோரும் மறுபடி கரையில். இந்த முறை மேனேஜரும். ஷூவில் சேறு அப்பி, முகம் இறுகி நின்றார். நான் அவருக்குப் பின்னால், போனைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளி போல.

வட்டங்கள் வந்தன.

மேனேஜர் ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு மெதுவாக, "அட!" என்றார். குரல் திரும்பி வந்திருந்தது. "அட, நம்ம லைட்டா இது? ரெண்டாவதை நிறுத்தச் சொல்லு." சொன்னேன். நின்றது. "இப்ப ஓட்டச் சொல்லு." ஓடியது. "மூணும் பக்கத்துல பக்கத்துல வரட்டும். அட! எதிர்ப்பக்கமா சுத்தச் சொல்லுப்பா!" நீங்க, வாங்க எல்லாம் காற்றில் போய்விட்டது. அரை மணி நேரம் வானத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஆடிய ஆட்டம்! கூட்டம் விசில் அடித்தது. ஏட்டு, "மேல எழுத முடியுமா சார், எங்க ஸ்டேஷன் பேரு?" என்றார். ஷிப்ட் லீடர் போனில் மூச்சு வாங்கினான். "அண்ணே, டீக்காவது விடுங்கண்ணே!"

ஏழு பத்துக்கு வெளிச்சம் அணைந்ததும் மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் மறுபடி இறுகியிருந்தது. தீர்ப்பைச் சொல்லாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் கேட்டில் அட்டையை நீட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் சந்தோஷப்பட வேண்டாம் என்று நினைத்தேன். பத்து மணிக்கு ஹெச்.ஆரில் கூப்பிட்டு மூடிய கவர் ஒன்றைக் கொடுத்தார்கள். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுப் பிரித்தேன். முதல் தாள் மெமோ. இனி அனுமதி இல்லாமல் எந்த முறையையும் மாற்றினால் என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம். அடியில் இரண்டாவது தாள். 'மேற்படி வெளிச்சம் தொடர்பாகத் தாலுகா அலுவலகத்தில் நிறுவனத்தின் சார்பில் ஆஜராகிக் கையெழுத்திட இவருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.'

மூன்று தடவை படித்தேன். வேலையை விட்டு அனுப்புகிற ஆளிடம் எந்தக் கம்பெனி தன் சார்பில் கையெழுத்துப் போடச் சொல்லும்? கழிவறைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். தலை மேல் ஷெல்பில் இடித்தது. ஹெல்மெட் போட வேண்டிய இடத்தில் போடுவதே இல்லை நான்.

தாலுகா ஆபீஸில் மேடம் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கீழே இரண்டு இடம். இடது பக்கம் மனுதாரர். வலது பக்கம் எதிர்மனுதாரர். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கட்டும் என்று நிதானமாகவே போட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த சர்வேயர் எழுந்து வந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார்.

மேடம் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, முறைப்படி கேட்டார்.

"மனுதாரருக்குத் திருப்திதானே?"

"திருப்தி மேடம்."

"எதிர்மனுதாரர் எதாவது சொல்ல விரும்புறாரா?"

"மூணாவது வண்டிக்கு இன்னிக்குக் காலைல சக்கரம் மாத்தியாச்சு மேடம்," என்றேன். முத்திரை விழுந்தது.